பெரியப்பாவுக்குப் பிரஷர்

உப்பில்லாத பருப்புக் குழம்பு நாக்கில் படும்போது முதலில் ஒன்றுமே தெரியாது. மஞ்சள் கரைத்த வெந்நீரைப் போல வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். விழுங்கி முடித்த பிறகுதான், மழை பெய்யாத ஊரின் புழுதி வாடை போன்ற ஒரு வெறுமை தொண்டையில் வந்து உட்காரும். என் சிறுவயதில் பல வருடங்கள் நான் தின்று வளர்ந்தது அந்த வெறுமையைத்தான். திண்டுக்கல்லில் வெங்காயப்பேட்டைக்குப் பின்னால் இருந்த எங்கள் கூட்டுக்குடும்ப வீட்டில் உப்பைக் கண்டு பயப்பட வேண்டிய நோய் எங்களில் யாருக்கும் இல்லை. ஒருவருக்கு மட்டும் இருப்பதாகச் சொல்லப்பட்டது. அவர் என் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. அவருக்குப் "பிரஷர்".

அவருக்குத் தனியாக உப்பில்லாமல் சமைத்துவிட்டு மற்றவர்கள் உப்புப் போட்டுச் சாப்பிட்டால் என்ன என்று ஒருமுறை அம்மா மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். அதற்கு அப்பா சொன்ன பதில் எனக்கு இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது: "அவரு தின்னாத உப்ப நாம தின்னா அண்ணனுக்கு மனசு சங்கடப்படும். சங்கடப்பட்டா பிரஷர் ஏறிரும்." இப்படியாக வீடு முழுவதும் உப்பைத் துறந்தது. பெரியப்பாவோ சாயங்காலம் மண்டியைச் சாத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் பரோட்டாவும் சுக்காவும் சாப்பிட்டுவிட்டு, மீசையில் எண்ணெய் மினுங்க வீட்டுக்கு வந்து, "எனக்குச் செத்த நேரம் கழிச்சு ரெண்டு வாய் போதும், வெஞ்சனம்கூட வேணாம்" என்பார். அதைக் கேட்டு அப்பா கண்கலங்குவார். அண்ணனின் தியாகம் அப்படி.

இந்தப் பிரஷர் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவுக்குப் பேட்டையில் வெங்காயக் கமிஷன் மண்டி. ஒருநாள் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனவர், காலையில் எதுவும் சாப்பிடாமல், உச்சி வெயிலில் நின்றுகொண்டு, ஒரு லாரிக்காரருடன் தொண்டை கிழியச் சண்டை போட்டிருக்கிறார். தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்து, "பிரஷரா இருக்குமுங்க, எதுக்கும் உப்பக் கொறச்சுக்கங்க" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். கருவி வைத்து யாரும் பார்க்கவில்லை. அந்த "இருக்குமுங்க"வில் இருந்த சந்தேகம், பஸ் திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டது. வீட்டு வாசலில் வந்து நின்றபோது பெரியப்பாவிடம் பிரஷர் மட்டும்தான் இருந்தது.

அது வெறும் நோய் என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்துப் பேட்டையை அறியாதவர்கள். அது ஒரு பதவி. வெயிலில் மூட்டை தூக்குகிறவர் மயங்கி விழுந்தால் அதற்குப் பெயர் "கிறுகிறுப்பு". ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த மூட்டையை ஏற்றச் சொல்வார்கள். வெங்காயம் தரம் பிரிக்கிற பெண்கள் மயங்கி விழுந்தால் "ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டா". மண்டிக்காரர் மயங்கினால்தான் பிரஷர். யார் வீட்டில் பிரஷர் இருக்கிறதோ அந்த வீடு ஒரு படி உயர்ந்த வீடு. கல்யாணங்களில் பெரியப்பாவைக் கண்டதும் யாராவது ஒருவர் எழுந்து, "உக்காருங்கண்ணே, உங்களுக்குப் பிரஷர்" என்று மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போடுவார். நாற்காலியில் அவர் உட்காரும் விதத்தைப் பார்க்க வேண்டும். கோயில் பரிவட்டம் வாங்கிக்கொண்டவரைப் போல இருக்கும்.

வீட்டுக்குள் அந்தச் சொல்லின் ஆட்சி இன்னும் முழுமையானது. அவர் மதியம் படுத்திருக்கும்போது கிணற்றடியில் வாளி சத்தம் கேட்கக்கூடாது, பிரஷர் ஏறும். குக்கரின் விசில் ஆகாது என்று புதுக் குக்கரைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, அம்மாவும் பெரியம்மாவும் மண்ணெண்ணெய் அடுப்பில் அரை நாளைத் தொலைத்தார்கள். யார் எதற்கு மறுப்புச் சொன்னாலும் பெரியப்பா பிடரியில் கையை வைத்துக்கொண்டு, "எனக்குப் படபடன்னு வருது" என்பார். உடனே பேச்சு நின்றுவிடும். அப்பா வேடசந்தூர் பக்கத்து நூல்மில்லில் ஷிப்ட் வேலை பார்த்தவர். நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றும் இரைச்சலில் அசராமல் நிற்கிற மனிதர், அண்ணன் பிடரியில் கை வைத்ததும் கோழிக்குஞ்சு மாதிரி ஒடுங்கிவிடுவார். அவர் நல்லவர், எனக்குப் பிரியமானவர். ஆனாலும் அந்த ஒடுக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடமதுரைப் பக்கத்தில் சொந்த நிலத்தில் பாடுபடுகிற ஒரு சம்சாரி வீட்டுப் பெண். அதிகம் பேச மாட்டாள். திட்டினாலும் முகம் மாறாது, பாராட்டினாலும் மாறாது. ஆனால் அவளை யாரும் பாராட்டி நான் பார்த்ததில்லை. வேலைக்கு நடுவில் சிலசமயம் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். "என்ன பெரியம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல, தல கொஞ்சம் பாரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அம்மிக்குப் போய்விடுவாள். சொந்தக்காரப் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் "அழுத்தக்காரி". எதையும் வெளியே விடாதவள், நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்கிறவள் என்று அர்த்தம். அதைப் புகழ்ச்சியாக யாரும் சொல்லவில்லை. "அம்புட்டும் அழுத்தம். வாயத் தொறக்குறாளா பாரு" என்று அவள் காதுபடவே சொல்வார்கள். திறந்தால் பெரியப்பாவுக்குப் பிரஷர் ஏறும் என்பதையும் அவர்களேதான் சொல்வார்கள்.

எட்டாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் ஒருநாள் கரும்பலகையில் "அழுத்தம்" என்று எழுதினார். ஓரலகுப் பரப்பின் மீது செயல்படும் விசை அழுத்தம் எனப்படும். எழுதிவிட்டு, பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, "இதத்தான் இங்கிலீஷ்ல பிரஷர்னு சொல்றோம்" என்றார். அவ்வளவுதான், வகுப்பே சிரித்துவிட்டது. "டீச்சர், எங்க தாத்தாவுக்கு இருக்கு," "எங்க மாமாவுக்கு இருக்கு டீச்சர்" என்று வீட்டில் டி.வி. இருப்பதைச் சொல்கிற பெருமையோடு கைகள் உயர்ந்தன. நான் மட்டும் கையைத் தூக்கவில்லை. பிரஷரும் அழுத்தமும் ஒன்றுதானா என்ற யோசனையில் இருந்தேன். எங்கள் வீட்டில் ஒன்று பெரியப்பாவிடம் இருந்தது, மற்றொன்று பெரியம்மாவிடம் இருந்தது. ஒன்றுக்கு நாற்காலி போட்டார்கள், மற்றொன்றை வசவாகச் சொன்னார்கள். எழுந்து, "டீச்சர், அழுத்தக்காரின்னு சொல்றாங்களே, அதுவும் இதுதானா?" என்று கேட்டேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது வேற, இது வேற. பரீட்சைக்கு இத எழுது" என்றார். அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் கிடைக்கிற பதில் அது ஒன்றுதான்.

அந்த வருடம்தான் பெரியப்பாவின் மகள் செல்வி அக்கா பிளஸ் டூ முடித்தாள். கணக்கில் நல்ல மார்க். டவுனில் பெண்கள் கல்லூரியில் சேர்ந்து பி.எஸ்சி. படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆசை என்று சொல்வதுகூடத் தவறு. அவள் பசியைச் சொல்வதுபோல அதைச் சாதாரணமாகச் சொன்னாள். பெரியப்பாவோ ஒட்டன்சத்திரத்தில் பெரிய காய்கறி மண்டி வைத்திருந்த ஒருவரின் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளைக்குக் காலையிலேயே கண் சிவந்திருக்கும். மார்க்கெட்டில் அவர் இருந்த இடத்தை வாடையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று மில் பஸ்ஸில் வருகிற ஒருவர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். பெரியப்பாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. சம்பந்தியின் மண்டியிலிருந்து தினமும் கேரளாவுக்கு லாரி போகிறது என்று பேட்டையில் நின்று சொல்வதில் அவருக்கு ஒரு சுகம்.

செல்வி அக்கா நேராகப் போய், "அப்பா, நான் படிக்கிறேன்ப்பா" என்றாள்.

பெரியப்பாவின் கை பிடரிக்குப் போனது. "ஏலே தம்பி, உம் மகள்ட்ட சொல்லு. என்னயக் கொன்னுட்டு அவளப் படிக்கச் சொல்லு" என்றார். தன் மகளைத்தான் அப்பாவிடம் "உம் மகள்" என்றார். நல்ல காரியங்களுக்கு மட்டும்தான் அவள் அவருடைய மகள். அப்பா அக்காவைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், "ஆத்தா, அப்பா ஒடம்பு உனக்குத் தெரியும்ல. ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா அந்தப் பழிய நீ சுமக்கணும்" என்றார். அவள் மார்க் ஷீட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். பெரியம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கிறாளா என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

நிச்சயத்துக்குச் சில வாரங்கள் முன்பு, பேட்டைக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம் போட்டார்கள். பேட்டைக்காரர்கள் எல்லோரும் வருவார்கள் என்று தெரிந்ததும் பெரியப்பா கஞ்சி போட்ட வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். ஊர் முன்னால் தன் பிரஷரை அளந்து காட்டுகிற வாய்ப்பை விடுவாரா? கூட நடக்கப் பெரியம்மா, துண்டும் தண்ணீர்ச் செம்பும் எடுத்துவர நானும் செல்வி அக்காவும்.

வகுப்பறையில் ஒரு மேசைக்குப் பின்னால் இளவயது லேடி டாக்டர் உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பாதரசம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கீங்கய்யா. பிரஷர் எல்லாம் இல்ல" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பெரியப்பாவின் முகம், தன் சொத்தை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டவரைப் பார்ப்பதுபோல் மாறியது. "நல்லாப் பாரும்மா. எனக்குப் பல வருசமாப் பிரஷர். பேட்டையில யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றார். டாக்டர் மறுபடி பார்த்தார். அதேதான். "மிஷின் கோளாறு" என்று பெரியப்பா சத்தமாகச் சொன்னார், வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று. டாக்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். "சரி, அந்த அம்மாவுக்குப் பாத்தாத் தெரிஞ்சிரும். அம்மா, நீங்க கையக் குடுங்க" என்று பெரியம்மாவைக் கூப்பிட்டார். மிஷினைச் சோதிப்பதற்காகத்தான் பெரியம்மாவை உட்கார வைத்தார்கள். இல்லாவிட்டால் அவள் துண்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருப்பாள்.

டாக்டர் காற்றை அடித்தார். இன்னும் அடித்தார். பாதரசம் மேலே போய்க்கொண்டே இருந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பட்டையை அவிழ்த்து, அடுத்த கையில் சுற்றி மறுபடி பார்த்தார். பிறகு, "தலவலி இருக்காம்மா?" என்றார்.

"எப்பவும் இருக்கறதுதான்" என்றாள் பெரியம்மா.

"எத்தன நாளா?"

பெரியம்மா யோசித்தாள். "செல்வி பொறந்ததுல இருந்து இருக்கும்" என்றாள். செல்வி அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் மாத்திரை அட்டைகளை எடுத்துப் பெரியம்மாவின் உள்ளங்கையில் வைத்து, தினமும் ஒன்று, தவறவே கூடாது, இந்த வாரமே பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீரும் ரத்தமும் பார்க்க வேண்டும் என்று, எங்கள் எல்லோரையும் பார்த்து ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். பெரியப்பா அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "வீட்டுக்குள்ள சும்மா இருக்கறவளுக்கு எங்கிருந்து வரும் பிரஷர்? மிஷினு கோளாறு. வீட்ல போயி கண்டதையும் ஒளறப்படாது" என்றார். மனைவிக்கு நோய் என்ற கவலை அவருக்கு இல்லை. தன் பொருளை அவள் திருடிவிட்டாள் என்ற ஆத்திரம்தான் இருந்தது. நான் அன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒளறினேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா பதறிப்போய், "அண்ணனுக்குப் பிரஷர் இல்லைன்னு வீட்டுக்குள்ள பேசாதீங்க. காதுல விழுந்துச்சுன்னா பிரஷர் ஏறிரும்" என்றார். அறிவு எங்கள் குடும்பத்துக்கு அவ்வளவுதான் எட்டியிருந்தது.

மறுநாள் காலை இன்னொன்று நடந்தது. பெரியப்பா அலமாரியிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு, "அந்தப் புள்ள ஆள மாத்திக் குடுத்துட்டா. இது எனக்கு உள்ளது" என்று சொல்லி ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டார். பெரியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அடுப்படிக்குள் வந்ததும், "அக்கா, அது உங்க மாத்திர" என்றாள். "தின்னுட்டுப் போறாரு. கல்யாணத்த வச்சுக்கிட்டுச் சண்ட எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா உலையைக் கிளறினாள். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

இல்லாத நோய்க்கு மாத்திரை தின்றால் என்ன ஆகும்? பெரியப்பாவுக்கு உண்மையாகவே தலை சுற்ற ஆரம்பித்தது. எழுந்தால் கண் இருட்டியது. அவருக்கு அதில் ஒரே பெருமிதம். "பாத்தீங்களா, ஏறுது. மிஷினு பொய் சொன்னாலும் ஒடம்பு பொய் சொல்லாதுல்ல" என்று சொல்லி இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொள்வார். நிச்சயத்தன்று காலையில், வேலை அதிகம், எதற்கும் இருக்கட்டும் என்று அட்டையில் மீதியிருந்ததில் பாதியைச் சேர்த்து விழுங்கினார்.

ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். முன்கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. தட்டுகளில் வெற்றிலை, பழம், பூ, புடவை. செல்வி அக்காவை உள்ளே அலங்கரித்து வைத்திருந்தார்கள். அவள் அழவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் தாமதமாக வந்தார். அவரை வரவேற்கச் சந்தனக் கிண்ணத்தோடு பெரியப்பா பாயிலிருந்து சட்டென்று எழுந்தார். எழுந்தவரின் முகம் வெளுத்தது, நெற்றியில் வியர்வை பொடித்தது, கிண்ணம் உருண்டது. அப்படியே மடிந்து விழுந்தார்.

"பிரஷர் ஏறிருச்சு! பிரஷர் ஏறிருச்சு!" என்று கூடமே கத்தியது. ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றினார், ஒருவர் வேட்டியைத் தளர்த்தினார், அப்பா அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரோ ஓடிப்போய்த் தெருமுனை டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் யாருக்கும் வளைந்து பேசாத மனிதர். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்து, பட்டையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏறலையே. இறங்கிக் கெடக்கு. என்ன மாத்திரை சாப்பிட்டாரு?" என்றார்.

"பிரஷர் மாத்திரைங்க டாக்டர்" என்றார் அப்பா.

"இவருக்குப் பிரஷர்னு யாரு சொன்னது? எங்க பாத்தீங்க?"

பல வருடங்களாக உப்பில்லாமல் சாப்பிட்ட ஒரு குடும்பம், அந்தக் கேள்வியை முதல்முறையாகக் காதில் கேட்டது. அம்மா அலமாரியிலிருந்து அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்து, "இது யாருக்குக் குடுத்தது?" என்றார்.

"எனக்குக் குடுத்தது" என்றாள் பெரியம்மா. கூடத்தில் அத்தனை ஆண்கள் இருக்கும்போது அவள் குரலை நான் கேட்பது அதுதான் முதல்முறை.

"உங்களுக்குக் குடுத்தத இவரு ஏன் சாப்பிட்டாரு?"

எவ்வளவு எளிய கேள்வி. டாக்டர் பெரியம்மாவின் கையையும் வாங்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "அம்மா, நீங்க சாயங்காலம் கிளினிக்குக்கு வரணும். அசட்டையா இருந்துராதீங்க" என்றார். பிறகு எழுந்துகொண்டே, "இவருக்கு ஒரு நோயும் இல்ல. காலத் தூக்கி வையுங்க. எலுமிச்சம்பழச் சாறுல உப்பு நல்லாப் போட்டுக் குடுங்க, சரியாயிரும்" என்றார். வீட்டில் உப்பு இல்லை, பந்திக்கென்று வாங்கியதும் சமையலோடு தீர்ந்திருந்தது. நான் எதிர்வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கை உப்பு வாங்கி வந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ஏவலையும் செய்ததில்லை.

பெரியப்பா சாற்றைக் குடித்துக் கண்ணைத் திறந்ததும், மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "அதான் ஒண்ணுமில்லைன்னு டாக்டரு சொல்லிட்டாருங்களே. நல்ல நேரம் போறதுக்குள்ள தட்ட மாத்திக்கலாமுங்க" என்றார்.

"ஆமாங்க," என்றாள் பெரியம்மா. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அவருக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அதனால இனிமே சொல்லலாம். இந்தக் கல்யாணம் வேணாம். எம் மக படிக்கணும்ங்கறா. படிக்கட்டும்."

அவள் கத்தவில்லை. காய் நறுக்கும்போது பேசுகிற அதே குரல்தான். பெரியப்பா பாயில் படுத்தபடி கையைப் பிடரிக்குக் கொண்டுபோனார். "எனக்குப் படபடன்னு வருது" என்றார். வழக்கமாக அந்தச் சொல்லுக்குப் பிறகு வீடு என்னென்ன செய்யுமோ அதில் ஒன்றையும் அன்று செய்யவில்லை. விசிறிக்கொண்டிருந்தவர்கூட விசிறியைக் கீழே வைத்துவிட்டார். அவர் அதை இன்னொரு முறை சொன்னார். தெருவில் தள்ளுவண்டிக்காரர் பூண்டு விற்றுக்கொண்டு போவது கேட்டது.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவுமில்லை. முதலில் நகர்ந்தது அம்மாதான். சம்பந்தி வீட்டாரின் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "காபி போடறேன். சாப்பிட்டுக் கெளம்புங்க" என்றாள். அவர்கள் காபிக்கு நிற்கவில்லை. வேன் கிளம்புகிற சத்தம் கேட்டதும் உள்ளே செல்வி அக்கா தலையிலிருந்த பூவைப் பிய்த்துப் போடுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அவள் பூவை அப்படியே வைத்துக்கொண்டு, இலை போட்டு, பந்திக்குச் சமைத்த சாப்பாட்டைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றாள்.

பெரியப்பா அதற்குப் பிறகு நெடுநாள் எங்கள் யாரோடும் பேசவில்லை. அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் வரவில்லை. செல்வி அக்கா கல்லூரிக்குப் போனாள். அம்மா பெரியம்மாவைக் கையைப் பிடித்துக் கிளினிக்குக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனாள். அங்கே சொன்னார்கள், இது நேற்று வந்தது இல்லை, பல வருடங்களாக உள்ளேயே இருந்திருக்கிறது, சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது என்று. பெரியம்மா அதையும் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டாள். மகள் படித்து முடித்து, வடமதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து, கல்யாணமாகி ஒரு பெண்ணைப் பெற்றதுவரை இருந்தாள். பேத்தி தவழத் தொடங்குவதைப் பார்க்கவில்லை.

பெரியம்மாவை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, சொந்தபந்தம் எல்லாம் வந்தது. செல்வி அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்திலிருந்து, அன்று நிச்சயத்துக்கும் வந்திருந்த ஒரு சொந்தக்காரர், பதறிக்கொண்டு எழுந்து சொன்னார்: "ஏப்பா, அண்ணன யாராச்சும் பாத்துக்கங்க. அவருக்குப் பிரஷர்." இரண்டு பேர் ஓடிப்போய் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போட்டார்கள். பெரியப்பா அதில் உட்கார்ந்தார். ஒருவர் சோடா வாங்கி வந்தார். அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் இனி எழுத வேண்டியது எதுவுமில்லை.

போன மாதம் திண்டுக்கல் போயிருந்தேன். வெங்காயப்பேட்டைக்குப் பின்னாலிருந்த எங்கள் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடைகள் வந்துவிட்டன. செல்வி அக்கா வடமதுரை போகிற ரோட்டோரம் வீடு கட்டியிருக்கிறாள். பெரியப்பா அவளோடுதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. "பிரஷர்" என்ற சொல்தான் அந்த ஊரிலிருந்து போய்விட்டது. எல்லோரும் "பி.பி." என்கிறார்கள். பேட்டையில் மூட்டை தூக்குகிறவரும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார், தெரு கூட்டுகிற பெண்ணும் சாப்பிடுகிறாள். கிறுகிறுப்புக்கும் பிரஷருக்கும் நடுவிலிருந்த அந்தப் பழைய வரப்பு அழிந்துவிட்டது. பிள்ளைகள் அழுத்தம் இருந்த அதே அறிவியல் புத்தகத்தில் அடுத்தடுத்த பாடங்களுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் "டென்ஷன்" என்கிறார், ஒருவர் "ஸ்ட்ரெஸ்" என்கிறார். "இப்பக் கண்ட கண்டவனுக்கெல்லாம் வருது. அப்பெல்லாம் மனுசனப் பாத்து வரும்" என்று பெரியப்பா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அன்று காலை, வீடு வீடாக வந்து பார்க்கிற சுகாதாரப் பெண் ஒருத்தி பையும் கருவியுமாக வாசலில் வந்து நின்றாள். பாத்திரம் கழுவ வருகிற அம்மாவுக்குப் பார்த்தாள். செல்வி அக்காவுக்குப் பார்த்தாள். பெரியம்மாவின் நோய் அவளுக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது, மாத்திரை வாங்கிக்கொண்டாள். எனக்கும் பார்த்தாள். பெரியப்பா முன்னறை நாற்காலியில், முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தாத்தாவுக்கும் பாக்கணுமாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவருக்கு ஒண்ணும் கெடையாது," என்றாள் செல்வி அக்கா. "நீங்க அடுத்த வீட்டப் பாருங்க."